விட்டுச் சென்ற பொருள்கள்

மே முதல் வாரத்திலேயே
பதிவேட்டில் மூன்று பக்கம் நிரம்பிவிட்டது.
அறை நூற்றுப் பதினான்கு: சார்ஜர் ஒன்று,
குழந்தையின் இடது செருப்பு,
பிரபு ஒருவர்.

அட்டையில் அவர் பித்தான் திறந்து நிற்கிறார்.
பின்னால் மாளிகை, மாளிகைக்குப் பின்னால் மின்னல்.
கையில் சாய்ந்திருப்பவள் போட்டிருப்பது
கொடைக்கானல் குளிருக்கு ஆகாத ரவிக்கை.

சார்ஜரைக் கேட்டு போன் வரும். பிரபுவைக் கேட்டு வராது.
ஆறு சீசனில் நாற்பத்தொரு பிரபுக்கள்
சலவை அறை அலமாரியில்
தலையணை உறைகளுக்குப் பின்னால்.

மதியம் இயந்திரம் சுற்றும்போது படித்துச் சொல்வேன்.
லண்டனிலும் சீசன் என்றுதான் பெயர் அக்கா,
அங்கேயும் வாடகை ஏறும்,
பெண்ணைப் பெற்றவர்கள் வண்டி வண்டியாய் வந்து இறங்குவார்கள்.
எந்த ஆட்டம் யாரோடு என்று
சீட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வாள்.
ஒருத்தனோடு இரண்டுக்கு மேல் ஆடினால் ஊர் பேசும்.

'இங்க ஒண்ணுக்கே பேசும்,' என்றாள் ராக்கம்மா.

பேச்சியக்கா கேட்டது வேறு:
'அத்தனை வெள்ளைக் கவுனு, சேத்துல இழுபட்டு வருதே,
யாரு துவைச்சது?'
இருநூற்றெண்பது பக்கமும் புரட்டினேன்.
யாரும் துவைக்கவில்லை.
மறுநாள் காலை அது சுத்தமாக இருந்தது.

எங்கள் ஓட்டலிலும் நடக்கும்.
மதுரைக் குடும்பமும் கோவைக் குடும்பமும்
தற்செயலாக ஒரே தேதியில் அறை போடுவார்கள்.
பெண்ணையும் பையனையும் பெடல் படகில் ஏற்றிவிட்டு
இரண்டு அம்மாக்கள் சால்வையோடு கரையில், காவலுக்கு.
படகு நடு ஏரியில் வட்டமடித்தால்
ஒருவர்தான் மிதிக்கிறார் என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்தது முத்தம் அல்ல.
பொய். முத்தமும்தான்.
ஆனால் முதல் அத்தியாயத்திலேயே
அவனுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்களே, அது.
பத்தாயிரம் பவுண்டு. அப்பா வைத்த கடன் இவ்வளவு.
கண்ணின் நிறமெல்லாம் அதற்கப்புறம்.

பாண்டீஸ்வரன் கண்ணின் நிறம் எனக்குத் தெரியாது.
ராத்திரி மலையேறி வருகிறவனுக்கு எப்போதும் சிவப்பு.
'பின்சீட்டுல கிடந்துச்சு, நீங்க படிப்பீங்களாமே,'
என்று ஒன்றைக் கொண்டுவந்தான்.
கடைசி முப்பது பக்கம் இல்லை.
பெருமாள்மலை வளைவில் ஒரு குழந்தை வாந்தியெடுக்க
கிழித்துத் துடைத்திருக்கிறார்கள்.
'முடிவு என்னங்க?'

எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான். சொல்லவில்லை.
'பாதிதான் படிச்சிருக்கேன்.'
மலர்க் கண்காட்சி வாரம் முழுக்கப் பாதியிலேயே இருந்தேன்.
ஏழு ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்து
யாருடைய பெட்டிகளையோ இறக்கிவிட்டு
'மாளிகைக்குப் போயிட்டாளா?' என்பான்.
'இன்னும் இல்ல. அங்க மழை.'

பள்ளிக்கூடம் திறந்தது, மலை காலியானது.
ஏரிக்கரைச் சைக்கிள்களைச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள்.
நான் போர்வை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கதவருகே நின்றான். கையில் புத்தகம் இல்லை.

'சீசன்ல ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வரும்ங்க.
டீசல் போக ஆயிரத்து முந்நூறு.
ஐப்பசி கார்த்திகையில ஒண்ணும் இல்ல.
வண்டிக்கு இன்னும் பதினாலு தவணை.
தங்கச்சி கல்யாணக் கடன் எண்பதாயிரம்.'
மூச்சு விட்டான்.
'சொல்லிடணும்னு தோணுச்சு.'

இயந்திரம் சுற்றி நின்றது.
பேச்சியக்கா ஈரத் துணியை
உதறாமல் பிடித்தபடி இருந்தாள்.

'மாசம் ஒன்பதாயிரத்து இருநூறு,' என்றேன்,
'பி.எஃப். பிடிச்சது போக.
அம்மாவுக்கு மாத்திரை ஆயிரத்து நூறு.
பி.ஏ.வுல ரெண்டு பேப்பர் பாக்கி.
அப்புறம் நாற்பத்தொரு,
இல்ல, நாற்பத்திரண்டு பிரபு.'

அவன் விரல் விட்டு எதையோ கூட்டிக்கொண்டிருந்தான்.
போர்வை எதுவரை எண்ணினேன் என்பது மறந்து
ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.